இருந்தால் மாற்று, இல்லையென்றால் சேர்

டேட்டாபேஸ் படிக்கும்போது இன்சர்ட் ஒரு பாடம், அப்டேட் இன்னொரு பாடம் என்று தனித்தனியாகத்தான் சொல்லித் தருவார்கள். வேலைக்கு வந்தபின் நான் எழுதிய குவெரிகளில், அதாவது டேட்டாபேஸுக்கு இடும் கட்டளைகளில், பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவை. ஒரு தகவல் வெளியிலிருந்து வருகிறது. அது ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறதா, புதியதா என்று அனுப்புகிறவருக்குத் தெரியாது. வாங்கும் நமக்கும் அந்த நொடியில் தெரியாது. இருந்தால் மாற்ற வேண்டும், இல்லையென்றால் சேர்க்க வேண்டும். அப்செர்ட் என்று இதற்குப் பெயர். கேட்டால் ஒரு வரி வேலை மாதிரி இருக்கும். ஆனால் நான் பார்த்த டேட்டா கோளாறுகளில் கணிசமானவை இந்த ஒரு வரியில்தான் தொடங்கின. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் பராமரிக்க எடுத்துக்கொண்ட ஓர் இருப்புக் கணக்கு சிஸ்டத்தை வைத்தே சொல்கிறேன். பல கிடங்குகள், ஒவ்வொன்றிலும் பல பொருள்கள். எந்தப் பொருள் எந்தக் கிடங்கில் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு டேபிள். கிடங்குகளிலிருந்து தகவல் வந்துகொண்டே இருக்கும். பழைய நிரல் செய்த வேலை எளிமையானது: பொருள் குறியீட்டையும் கிடங்கு எண்ணையும் வைத்து முதலில் ஒரு செலக்ட், அதாவது தேடல். ரெக்கார்டு கிடைத்தால் அப்டேட், கிடைக்காவிட்டால் இன்சர்ட். படிக்கும் எவருக்கும் சரியாகத்தான் தெரியும்.

ஒரே ஒரு புரோகிராம் ஓடியவரை உண்மையிலேயே சரியாகத்தான் இருந்தது. வேகம் போதவில்லை என்று அதே வேலைக்கு இரண்டாவது புரோகிராமையும் ஓடவிட்டபோது, ஒரே பொருளுக்கு ஒரே கிடங்கில் இரண்டு ரெக்கார்டுகள் முளைக்க ஆரம்பித்தன. முதல் புரோகிராம் தேடுகிறது, இல்லை என்று பதில் வருகிறது. அது இன்சர்ட் செய்வதற்கு முன்னால் இரண்டாவது புரோகிராமும் தேடுகிறது, அதற்கும் இல்லை என்றே பதில். இரண்டும் இன்சர்ட் செய்துவிடுகின்றன. இடையில் இருப்பது சில மில்லி செகண்டுதான், ஆனால் நாளெல்லாம் ஓடும் சிஸ்டத்தில் அந்த இடைவெளிக்குள் இரண்டு பேர் நுழைந்தே தீருவார்கள்.

இதில் மோசமானது என்னவென்றால், எந்த எரரும் வராது. அடுத்து வரும் அப்டேட், பொருள் குறியீட்டையும் கிடங்கையும் வைத்துத்தான் தேடுகிறது. எனவே இரண்டு ரெக்கார்டுகளையும் ஒரே எண்ணாக மாற்றிவிடும். தனித்தனியாகப் பார்த்தால் கணக்கு சரியாகவே தெரியும். மொத்தம் கூட்டும் ரிப்போர்ட்டில் மட்டும் இருப்பு இரட்டிப்பாக வரும். பயன்படுத்துகிறவர்கள் ரிப்போர்ட்டில் பிழை இருக்கிறது என்று புகார் சொல்வார்கள், நாம் ரிப்போர்ட்டின் குவெரியைத் தோண்டிக்கொண்டிருப்போம்.

டிரான்ஸாக்‌ஷன் போட்டால் தீராதா?

இந்தப் பிரச்சினையை யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் யோசனை, செலக்டையும் இன்சர்டையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் வை என்பதுதான். பல குவெரிகளை 'எல்லாம் நடக்கும், இல்லையென்றால் எதுவும் நடக்காது' என்று ஒன்றாகக் கட்டுவது அது. அப்படிக் கட்டியும் தீராது. போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வர் மூன்றிலும் இயல்பாக இருக்கும் ஐசோலேஷன் நிலை, அதாவது ஒருவர் எழுதுவது மற்றவருக்கு எப்போது தெரியும் என்ற விதி, ரீட் கமிட்டட். அந்த நிலையில் அடுத்தவர் இன்னும் கமிட் செய்யாத, அதாவது உறுதிப்படுத்தி முடிக்காத, ரெக்கார்டு நமக்குத் தெரியாது. மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி இயல்பாக ரிப்பீட்டபிள் ரீடில் ஓடுகிறது. அங்கேயும் சாதாரண செலக்ட் பழைய ஸ்நாப்ஷாட்டை, அதாவது முந்தைய ஒரு கணத்தின் நிலையைத்தான் காட்டும். ஆக, இரண்டு பேருக்கும் 'இல்லை' என்ற பதில் கிடைப்பதை டிரான்ஸாக்‌ஷன் மட்டும் தடுக்காது.

அடுத்த யோசனை, செலக்ட் ஃபார் அப்டேட் போட்டு லாக் செய்வது, அதாவது மற்றவர் மாற்றாதபடி பூட்டுவது. இருக்கிற ரெக்கார்டுக்கு அது நல்ல வழி. இல்லாத ரெக்கார்டை எப்படி லாக் செய்வது? போஸ்ட்கிரெஸில் அது எதையும் லாக் செய்யாமல் காலியாகத் திரும்பும். இன்னோடிபி கொஞ்சம் வித்தியாசமானது. ரிப்பீட்டபிள் ரீட் நிலையில் அந்த ரெக்கார்டு வரவேண்டிய இடைவெளியை அது லாக் செய்யும், கேப் லாக் என்பார்கள். ஆனால் அந்த லாக்கை ஒரே நேரத்தில் இரண்டு பேர் வைத்திருக்கலாம். இருவரும் வைத்துக்கொண்டு இருவரும் இன்சர்ட் செய்யப் போனால் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து டெட்லாக்கில் முடியும். டூப்ளிகேட் வராது என்பது உண்மை, அதற்குப் பதில் எரர்களைப் பதியும் ஃபைல் நிறைய டெட்லாக் எரர் வரும்.

எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது போன்ற முடிவையே தரும் சீரியலைசபிள் நிலைக்குப் போகலாம். சரியான வழிதான். ஆனால் அங்கே டிரான்ஸாக்‌ஷன் தோற்கலாம் என்பதை ஏற்று, திரும்ப முயற்சி செய்யும் நிரலை எல்லா இடத்திலும் எழுத வேண்டும். இருப்பை எழுதும் ஒரு வேலைக்காக மொத்த சிஸ்டத்தையும் அப்படி மாற்ற நான் விரும்பவில்லை.

நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான்: ரெக்கார்டு இருக்கிறதா, இல்லையா என்ற கேள்வியை நம் நிரல் கேட்கவே கூடாது. எழுதும் கணத்தில் டேட்டாபேஸே அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலை அதனால் சொல்ல முடிவது ஒன்றே ஒன்றை வைத்துத்தான், யுனீக் கன்ஸ்ட்ரெயின்ட், அதாவது ஒரே அடையாளத்தோடு இரண்டாவது ரெக்கார்டு வர விடாத விதி. அது இல்லாமல் எழுதும் எந்த அப்செர்டும் நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

எது 'அதே' ரெக்கார்டு?

இந்தக் கேள்விக்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். சின்டாக்ஸ் எல்லாம் அப்புறம்.

எங்கள் டேபிளில் பிரைமரி கீ தானாக ஏறும் ஒரு ஐடி எண். அது ஒவ்வொரு ரெக்கார்டையும் பிரித்துக் காட்டும், ஆனால் வெளியிலிருந்து வரும் தகவலில் அந்த எண் இருக்காது. எனவே டூப்ளிகேட்டைத் தடுக்க அது உதவவே உதவாது. பொருள் குறியீடும் கிடங்கு எண்ணும் சேர்ந்துதான் உண்மையான அடையாளம். சில பொருள்களுக்கு மட்டும் தயாரிப்புத் தொகுதி எண்ணும் சேரும், அதாவது பேட்ச் எண். அது இல்லாத பொருள்களுக்கு அந்த ஃபீல்டு நல் (null, அதாவது மதிப்பே இல்லாதது) ஆக இருந்தது.

யுனீக் கன்ஸ்ட்ரெயின்ட் போடுவதற்கு முன்னால் இருக்கிற டூப்ளிகேட்டுகளை நீக்கியாக வேண்டும். குரூப் பை போட்டு, ஒன்றுக்கு மேல் இருப்பவற்றை ஹேவிங் மூலம் எடுப்பது எளிது. எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்பதுதான் சிக்கல். ஏனென்றால் விற்பனை, சரக்கு நகர்வு போன்ற வேறு டேபிள்கள் இந்த இரண்டு ஐடிகளில் ஏதோ ஒன்றைச் சுட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்றதைச் சுட்டும் ஃபாரின் கீகளையெல்லாம் அதற்கு மாற்றி, அதன்பிறகே அழிக்க வேண்டும். இதை ஒரு டிரான்ஸாக்‌ஷனுக்குள் செய்து, முன்னும் பின்னும் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு கமிட் செய்யச் சொல்வேன்.

ஓடிக்கொண்டிருக்கும் பெரிய டேபிளில் கன்ஸ்ட்ரெயின்ட் சேர்க்கும்போது இன்னொரு விஷயம். போஸ்ட்கிரெஸில் நேரடியாகச் சேர்த்தால் இன்டெக்ஸ் (தேடலுக்கான அகரவரிசை போன்ற பட்டியல்) கட்டி முடிக்கும்வரை எழுதுகிறவர்கள் எல்லாம் நிற்பார்கள். முதலில் கன்கரன்ட்லி என்ற சொல்லோடு யுனீக் இன்டெக்ஸை உருவாக்கி, பிறகு அந்த இன்டெக்ஸையே கன்ஸ்ட்ரெயின்டாக மாற்றிக்கொள்ளலாம். கட்டும்போது டூப்ளிகேட் ஏதாவது அகப்பட்டால் அது தோற்றுப்போகும், ஆனால் செல்லாத ஓர் இன்டெக்ஸை அப்படியே விட்டுவிட்டுப் போகும். அதை நீக்கிவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும்.

கன்ஸ்ட்ரெயின்ட் போட்டாயிற்று. ஆனாலும் பேட்ச் எண் இல்லாத பொருள்களுக்கு மட்டும் டூப்ளிகேட் வந்துகொண்டே இருந்தது. காரணம் நல். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் மூன்றிலும் யுனீக் சோதனையில் ஒரு நல் இன்னொரு நல்லுக்குச் சமம் கிடையாது. எனவே அதே பொருள், அதே கிடங்கு, நல் பேட்ச் என்று எத்தனை ரெக்கார்டு வேண்டுமானாலும் போடலாம், கன்ஸ்ட்ரெயின்ட் தடுக்காது. எஸ்கியூஎல் சர்வர் நேர்மாறு, அங்கே நல்களைச் சமமாகவே எடுத்துக்கொள்ளும். ஒரு டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும்.

2022 இல் வந்த போஸ்ட்கிரெஸ் 15 இல், நல்ஸ் நாட் டிஸ்டிங்க்ட் என்று சொல்லி நல்களைச் சமமாக நடத்தச் செய்யலாம். அதற்கு முந்தைய பதிப்புகளில் நல்லுக்கென்று தனியாக ஒரு பார்ஷியல் யுனீக் இன்டெக்ஸ், அதாவது ஒரு நிபந்தனைக்குள் வரும் ரெக்கார்டுகளுக்கு மட்டுமான இன்டெக்ஸ், போட வேண்டும். நான் இவற்றைவிட எளிமையான வழியையே விரும்புகிறேன்: அடையாளத்தில் சேரும் எந்த ஃபீல்டையும் நல் ஆக விடாதீர்கள். பேட்ச் இல்லை என்பதற்கு ஒரு குறிப்பிட்ட மதிப்பை வைத்து நாட் நல் ஆக்கிவிடுங்கள். அதற்குக் காலி ஸ்ட்ரிங் பயன்படுத்த நினைத்தால், ஆரக்கிள் காலி ஸ்ட்ரிங்கையே நல் ஆகத்தான் பார்க்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு கோடோ ஏதாவது ஒரு சொல்லோ பாதுகாப்பு.

எழுத்துகளும் இப்படித்தான். ஒரு கிடங்கு குறியீட்டைப் பெரிய எழுத்தில் அனுப்பும், இன்னொன்று சிறிய எழுத்தில் அனுப்பும், மூன்றாவது கடைசியில் ஓர் இடைவெளி விட்டு அனுப்பும். மைஎஸ்கியூஎல்லின் இயல்பான கொலேஷன், அதாவது எழுத்துகளை ஒப்பிடும் விதி, பெரிய, சிறிய எழுத்துகளை ஒன்றாக எடுத்துக்கொள்ளும், போஸ்ட்கிரெஸ் இரண்டாகப் பார்க்கும். உள்ளே வரும் இடத்திலேயே வெட்டித் திருத்தி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, அதே விதியை ஒரு செக் கன்ஸ்ட்ரெயின்டாக டேபிளிலும் போட்டு வைத்தோம். வேறு வழியாக யாராவது எழுதினாலும் அது பிடித்துவிடும்.

ஒவ்வொரு டேட்டாபேஸும் ஒவ்வொரு மாதிரி

போஸ்ட்கிரெஸில் 9.5 பதிப்பிலிருந்து, அதாவது 2016 ஜனவரியிலிருந்து, இன்சர்ட் குவெரியின் கடைசியில் ஆன் கான்ஃப்ளிக்ட் என்று சேர்க்கலாம். எந்த ஃபீல்டுகளில் மோதல் வந்தால் என்று அடைப்புக்குள் சொல்கிறோம், அதன்பின் டூ நத்திங் அல்லது டூ அப்டேட். உள்ளே வர முயன்ற புதிய மதிப்புகள் எக்ஸ்க்ளூடட் என்ற பெயரில் கிடைக்கும். ரீட் கமிட்டட் நிலையில், மோதல் தவிர வேறு எரர் எதுவும் இல்லையென்றால், இன்சர்ட் அல்லது அப்டேட் இரண்டில் ஒன்று நடந்தே தீரும் என்று அது உறுதி தருகிறது. எத்தனை பேர் ஒரே நேரத்தில் எழுதினாலும் சரி. இதற்கு முன்பெல்லாம் ஒரு லூப்பில் அப்டேட், பிறகு இன்சர்ட், எக்ஸெப்ஷன் வந்தால் மறுபடி அப்டேட் என்று ஃபங்ஷன் எழுதிக்கொண்டிருந்தோம். பார்ஷியல் இன்டெக்ஸ் வைத்திருந்தால் அதன் வேர் (where) நிபந்தனையையும் ஆன் கான்ஃப்ளிக்டில் திரும்பச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பொருத்தமான கன்ஸ்ட்ரெயின்ட் இல்லை என்று எரர் வரும்.

எஸ்கியூலைட் 2018 இல் 3.24 பதிப்பில் இதே வடிவத்தைச் சேர்த்துக்கொண்டது. ஒன்றைக் கற்றால் இரண்டிலும் எழுதலாம்.

மைஎஸ்கியூஎல்லில் ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட். இது வெகுகாலமாக இருக்கிறது. ஆனால் எந்தக் கீயில் மோதினால் என்று இங்கே சொல்ல முடியாது. டேபிளில் இருக்கும் எந்த யுனீக் கீயில் மோதினாலும் அப்டேட் நடக்கும். ஒரு பயனர் டேபிளில் பயனர் எண்ணும் யுனீக், மின்னஞ்சலும் யுனீக் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய எண்ணோடு, ஏற்கெனவே வேறொருவர் வைத்திருக்கும் மின்னஞ்சல் வந்தால், அந்த வேறொருவரின் ரெக்கார்டு சத்தமில்லாமல் மாறிவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட யுனீக் கீ உள்ள டேபிளில் இதைத் தவிர்க்கும்படி அதன் ஆவணமே சொல்கிறது. அங்கெல்லாம் நான் சாதாரண இன்சர்ட் செய்து, 1062 எரர் வந்தால் எந்தக் கீயில் வந்தது என்று பார்த்து முடிவெடுக்கிறேன். இன்னொன்று, பாதிக்கப்பட்ட ரெக்கார்டு எண்ணிக்கையாக அது தருவது இன்சர்ட் ஆனால் 1, அப்டேட் ஆனால் 2, எதுவும் மாறாவிட்டால் 0. இந்த எண்களைக் கூட்டி 'இத்தனை ரெக்கார்டு ஏற்றினோம்' என்று யாராவது காட்டினால் அது தவறான கணக்கு.

அதே மைஎஸ்கியூஎல்லில் ரிப்ளேஸ் என்றொரு கட்டளை இருக்கிறது, எஸ்கியூலைட்டில் இன்சர்ட் ஆர் ரிப்ளேஸ். பெயரைப் பார்த்தால் அப்டேட் மாதிரி இருக்கும். உண்மையில் பழைய ரெக்கார்டை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் சேர்க்கிறது. நாம் குறிப்பிடாத ஃபீல்டுகள் எல்லாம் இயல்பு மதிப்புக்குப் போய்விடும், தானாக ஏறும் ஐடி மாறிவிடும். ஃபாரின் கீயில் ஆன் டிலீட் கேஸ்கேட் இருந்தால் அதைச் சார்ந்த ரெக்கார்டுகளும் கூடவே போய்விடும். ஒரு சிஸ்டத்தில் வாடிக்கையாளர் பெயரைத் திருத்தும்போதெல்லாம் அவருடைய முகவரிகள் காணாமல் போவதை என்னிடம் பார்க்கக் கொடுத்தார்கள். முகவரி டேபிளை எழுதும் நிரலில் ஒரு பிழையும் இல்லை. வாடிக்கையாளர் டேபிளில் ரிப்ளேஸ் இருந்தது. முழு ரெக்கார்டையும் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி எழுதினாலும் பரவாயில்லை என்கிற கேஷ் (cache, தற்காலிக நகல்) டேபிளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

மெர்ஜ் பற்றியும் சொல்ல வேண்டும். எஸ்கியூஎல் தரநிலையில் 2003 இல் சேர்ந்தது. ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வர், டிபி2 ஆகியவற்றில் இருக்கிறது, போஸ்ட்கிரெஸிலும் 15 முதல் இருக்கிறது. ஒரு டேபிளை இன்னொரு டேபிளோடு ஒப்பிட்டு, பொருந்தினால் இது, பொருந்தாவிட்டால் அது என்று எழுத மிகவும் வசதி. ஆனால் அது தரநிலையில் இருப்பதாலேயே பலர் போட்டி நிலையிலும் பாதுகாப்பானது என்று எண்ணிவிடுகிறார்கள். போஸ்ட்கிரெஸில் இரண்டு மெர்ஜ்கள் ஒரே நேரத்தில் ஓடினால் யுனீக் எரர் வரலாம். எஸ்கியூஎல் சர்வரில் ஹோல்டுலாக் குறிப்பைச் சேர்க்காவிட்டால் அதே கதை. இரவு நேரத்தில் தனியாக ஓடி டேட்டாவை ஏற்றும் வேலைக்கு மெர்ஜ், பலர் ஒரே நேரத்தில் எழுதும் இடத்தில் ஆன் கான்ஃப்ளிக்ட் என்பது போஸ்ட்கிரெஸில் என் பழக்கம்.

அப்டேட் பகுதியில் என்ன எழுதுவது

ரெக்கார்டு ஏற்கெனவே இருக்கிறது, சரி, எதையெல்லாம் மாற்றுவது? நமக்குப் பதிலாகக் குவெரிகளை எழுதித் தரும் ஓஆர்எம் கருவிகள் பல, எல்லா ஃபீல்டுகளையும் புதிய மதிப்பால் மாற்றிவிடும். உருவாக்கிய நேரம் என்ற ஃபீல்டு அதில் அகப்பட்டால் ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கப்பட்டு அர்த்தமே இல்லாமல் போகும். அனுப்புகிறவர் ஒரு ஃபீல்டை அனுப்பாவிட்டால் அது நல் ஆக வந்து நல்ல மதிப்பை அழித்துவிடும். கோலெஸ் ஃபங்ஷனில் புதிய மதிப்பு, பிறகு பழைய மதிப்பு என்று எழுதினால் நல் வரும்போது பழையது நிற்கும். ஆனால் அப்போது அந்த ஃபீல்டை வேண்டுமென்றே காலி செய்ய வழியில்லாமல் போகிறது. இரண்டில் எது வேண்டும் என்று ஃபீல்டு ஃபீல்டாக உட்கார்ந்து முடிவெடுப்பதுதான் வழி. குறுக்கு வழி எனக்குக் கிடைக்கவில்லை.

தகவல் வரிசை மாறி வருவது அடுத்தது. மாலையில் அனுப்பிய இருப்பு முதலில் வந்து, நெட்வொர்க் தாமதத்தால் காலையில் அனுப்பியது பின்னால் வந்தால், பழைய எண் புதியதை மூடிவிடும். டூ அப்டேட்டின் கடைசியில் ஒரு வேர் நிபந்தனை போடலாம்: வந்திருக்கும் ரெக்கார்டின் நேரம், இருப்பதன் நேரத்தைவிடப் பிந்தியதாக இருந்தால் மட்டும் மாற்று. நேரம் என்பது அனுப்புகிறவரிடம் தகவல் உருவான நேரம். நம்மிடம் வந்து சேர்ந்த நேரத்தை வைத்தால் இந்தச் சோதனைக்குப் பொருளே இல்லை. அனுப்புகிறவரே ஏறுவரிசையில் ஒரு பதிப்பு எண் கொடுத்தால் அது நேரத்தைவிட நம்பகமானது, கடிகாரம் பிசகும் கவலை இல்லை.

அதே வேர் நிபந்தனையில், ஏதாவது உண்மையில் மாறியிருந்தால் மட்டும் எழுது என்பதையும் சேர்ப்பேன். நல்களையும் சரியாக ஒப்பிட இஸ் டிஸ்டிங்க்ட் ஃப்ரம் பயன்படுத்தலாம். போஸ்ட்கிரெஸ் ஓர் அப்டேட்டுக்குப் பழைய ரெக்கார்டை அந்த இடத்திலேயே திருத்துவதில்லை, புதிய நகல் ஒன்றை எழுதிப் பழையதைச் செத்ததாக விட்டுவைக்கிறது. அதை வாக்யூம் பிறகு வந்து அள்ள வேண்டும். மதிப்பு மாறாவிட்டாலும் நகல் எழுதப்படும். நாள்தோறும் முழு இருப்புப் பட்டியலும் வரும், அதில் பெரும்பாலானவை நேற்றிருந்த அதே எண்கள் என்கிற எங்கள் நிலையில், இந்த ஒரு நிபந்தனையைச் சேர்த்ததும் டேபிள் வீங்குவது நின்றது.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது, மதிப்பை வைப்பதா, கூட்டுவதா என்ற வேறுபாடு. 'இருப்பு 40' என்று வந்தால் அதை எத்தனை முறை எழுதினாலும் 40 தான். '5 வந்தது, கூட்டு' என்று வந்தால் இரண்டு முறை எழுதினால் 10 ஆகிவிடும். நெட்வொர்க் வழியாக வரும் எந்தச் செய்தியும் இரண்டு முறை வரலாம். நாம் எழுதி கமிட் செய்துவிட்டோம், 'வாங்கிக்கொண்டேன்' என்ற பதில் வழியில் தொலைந்துவிட்டது, அனுப்பியவர் மறுபடி அனுப்புகிறார். அவர் மேல் தவறே இல்லை.

கூட்டியே ஆக வேண்டிய இடத்தில் நாங்கள் செய்தது: நகர்வுகளுக்கென்று தனி டேபிள், ஒவ்வொரு நகர்வுக்கும் அனுப்புகிறவர் தரும் ஓர் எண், அதன் மேல் யுனீக் கன்ஸ்ட்ரெயின்ட். செய்தி வந்ததும் முதலில் அந்த டேபிளில் ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங் என்று இன்சர்ட். ஒரு ரெக்கார்டு உண்மையில் சேர்ந்தால் மட்டும், அதே டிரான்ஸாக்‌ஷனுக்குள், இருப்பில் கூட்டுவோம். சேராவிட்டால் இது ஏற்கெனவே வந்தது, விட்டுவிடுவோம். இரண்டு எழுத்தும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் இருப்பதுதான் இதன் உயிர். தனித்தனியாகப் பிரித்தால் நகர்வு மட்டும் பதிவாகி இருப்பு கூடாமல் நிற்கும் நாள் வரும்.

குறைக்கும்போதும் இதே அக்கறை வேண்டும். இருப்பைப் படித்து, நிரலில் ஒன்று குறைத்து, புதிய எண்ணைத் திருப்பி எழுதினால், நடுவில் இன்னொருவர் குறைத்தது காணாமல் போகும். 'இருப்பில் ஒன்று குறை, இருப்பு குறைந்தது ஒன்றாவது இருந்தால்' என்பதை ஒரே அப்டேட் குவெரியாக எழுதி, எத்தனை ரெக்கார்டு மாறியது என்று பாருங்கள். பூஜ்யம் என்றால் சரக்கு இல்லை. அந்த எண்ணிக்கையைப் பார்க்காமல் விடும் நிரல்கள் மிக அதிகம், அப்டேட் எதையும் மாற்றாவிட்டாலும் எரர் தராது என்பதால் யாரும் கவனிப்பதில்லை.

மொத்தமாக ஏற்றும்போது

ஒவ்வொரு ரெக்கார்டாக அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு போக்குவரத்து, தாமதம் அங்கேதான். ஓர் இன்சர்டில் பல ரெக்கார்டுகளை அடுக்கி அனுப்பலாம், அதற்கும் எல்லை உண்டு: போஸ்ட்கிரெஸில் ஒரு குவெரிக்கு 65,535 பாராமீட்டர் (குவெரியோடு அனுப்பும் மதிப்பு), எஸ்கியூஎல் சர்வரில் 2,100. ரெக்கார்டுக்கு 10 ஃபீல்டு என்றால் அந்த எல்லை சீக்கிரமே வந்துவிடும். பெரிய ஃபைலாக இருந்தால் போஸ்ட்கிரெஸில் காப்பி கட்டளை மூலம் ஒரு தற்காலிக டேபிளில் இறக்கிவிட்டு, அங்கிருந்து ஒரே குவெரியில் அப்செர்ட் செய்வதே எனக்குப் பிடித்த முறை. தற்காலிக டேபிளில் இருக்கும்போதே தவறான ரெக்கார்டுகளைப் பிரித்தெடுக்கலாம் என்பது கூடுதல் வசதி.

இங்கே இரண்டு இடங்களில் தடுக்கும். ஒரே குவெரியில் ஒரே அடையாளம் இரண்டு முறை வந்தால், ஒரு ரெக்கார்டை இரண்டாவது முறை மாற்ற முடியாது என்று போஸ்ட்கிரெஸ் மொத்தக் குவெரியையும் நிராகரிக்கும். எதை எடுப்பது என்று அது ஊகிப்பதில்லை, அது நல்லதுதான். டிஸ்டிங்க்ட் ஆன் போட்டு, பிந்திய நேரம் உள்ளதை மட்டும் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, டெட்லாக். ஒரு புரோகிராம் ரெக்கார்டு அ, பிறகு ஆ என்று எழுதுகிறது. இன்னொன்று ஆ, பிறகு அ. இரண்டும் ஒன்றுக்காக ஒன்று நிற்கும். எல்லாரும் அடையாளத்தின்படி வரிசைப்படுத்தி எழுதினால் இந்த வகை டெட்லாக் அற்றுப்போகும். தொகுதிகளைச் சிறியதாக வைத்தால் லாக் பிடித்திருக்கும் நேரமும் குறையும்.

ஐடி எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆன் கான்ஃப்ளிக்டில் மோதி அப்டேட்டாக மாறினாலும், அதற்கு முன்பே, ஐடி எண்களை வரிசையாகத் தரும் சீக்வென்ஸிலிருந்து ஓர் எண் எடுக்கப்பட்டிருக்கும், அது திரும்பப் போகாது. நாள்தோறும் முழுப் பட்டியலையும் அப்செர்ட் செய்தால், டேபிளில் ரெக்கார்டு கூடாமலேயே ஐடி ஏறிக்கொண்டிருக்கும். சாதாரண இன்டிஜரின் உச்சம் 2,147,483,647. அதைத் தொட்டதும் அடுத்த இன்சர்ட் தோற்கும். ரெக்கார்டு எண்ணிக்கையைப் பார்த்து 'இது சின்ன டேபிள்தானே' என்று இருந்துவிடாமல் சீக்வென்ஸ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். புதிதாக உருவாக்கும் டேபிளில், அதைவிடப் பெரிய எண்களைத் தாங்கும் பிக்இன்ட்டே போடுங்கள்.

டூ நத்திங் போட்டு ரிட்டர்னிங் மூலம் ஐடியைக் கேட்டால், மோதிய ரெக்கார்டுக்கு எதுவுமே வராது. அந்த ஐடி வேண்டுமென்பதற்காக, பெயரை அதே பெயரால் அப்டேட் செய்யும் தந்திரம் புழக்கத்தில் இருக்கிறது. அது தேவையில்லாமல் லாக் பிடித்து நகலும் எழுதும். டூ நத்திங், எதுவும் வராவிட்டால் ஒரு செலக்ட் என்று இரண்டு படியாக எழுதுவதே மேல்.

கையால் அப்டேட் எழுதும்போது நான் விடாத பழக்கம் ஒன்று உண்டு. முதலில் பிகின், அடுத்து அதே வேர் நிபந்தனையோடு செலக்ட் எண்ணிக்கை, பிறகு அப்டேட், அது சொல்லும் எண்ணிக்கை முன்னதோடு ஒத்துப்போனால் மட்டும் கமிட். மைஎஸ்கியூஎல் பயன்படுத்துகிறவர்கள் சேஃப் அப்டேட்ஸ் என்ற அமைப்பைப் போட்டு வையுங்கள், கீ இல்லாத அப்டேட்டை அது மறுத்துவிடும்.

இவற்றையெல்லாம் சோதித்துப் பார்க்க பெரிய கருவி எதுவும் தேவையில்லை. இரண்டு டெர்மினல் திறந்து இரண்டிலும் பிகின் போடுங்கள். முதலாவதில் ஒரு புதிய ரெக்கார்டை அப்செர்ட் செய்யுங்கள், கமிட் செய்யாதீர்கள். இரண்டாவதில் அதே அடையாளத்தோடு அப்செர்ட் செய்தால் அது அப்படியே நிற்கும். முதலாவதை கமிட் செய்ததும் இரண்டாவது நகர்ந்து, அப்டேட்டாக முடியும். முதலாவதை ரோல்பேக் செய்தால், அதாவது கைவிட்டால், இரண்டாவது இன்சர்ட்டாக முடியும். பிறகு இரண்டாவது டெர்மினலில் டிரான்ஸாக்‌ஷனை ரிப்பீட்டபிள் ரீட் நிலையில் தொடங்கி இதையே செய்து பாருங்கள். போஸ்ட்கிரெஸில், முதலாவது கமிட் ஆனவுடன் இரண்டாவதுக்கு 40001 எண்ணுடன் சீரியலைஸ் செய்ய முடியவில்லை என்ற எரர் வரும். அந்த எரர் வந்தால் கடைசிக் குவெரியை மட்டும் திரும்ப ஓட்டுவது பயன் தராது, டிரான்ஸாக்‌ஷனையே முதலிலிருந்து ஓட்ட வேண்டும். உங்கள் நிரல் அதைச் செய்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.